கைதட்டினால் நிறுத்திவிடுவார்

சலவைக் கூடத்தில் கொதிகலன் இரண்டு. ஒன்று பின்பக்கம் நின்று நீராவி விடும். அதைப் பழுது பார்க்க ஆண்டுக்கு ஒருமுறை ஆள் வருவார். இன்னொன்று மேற்பார்வையாளர். அவரைப் பழுது பார்க்க யாரும் வந்ததில்லை.

ஊரிலுள்ள மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளெல்லாம் அந்தக் கூடத்துக்குத்தான் வரும். ரத்தமும் மருந்தும் சொல்லக் கூடாததுமாக வந்து, வெளுத்து, உலர்ந்து, சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே நுழைந்து பலகைபோல வெளியே வரும். விரிப்பின் முனையைப் பிடித்து உருளைக்குக் கொடுப்பவன் பட்டதாரி. அது அவன் பெயரல்ல. கல்லூரியில் படித்துவிட்டு விரிப்புப் பிடிக்க வந்திருக்கிறானே என்று கூடம் கிண்டலாக வைத்தது. நாளாக ஆகக் கிண்டல் தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் மிஞ்சியது.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்க வேண்டும். விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். விரல் பட்டால் மட்டுமா, விரிப்பில் ஒரு சுருக்கம் பட்டாலும் நிற்கும். நின்று நின்று ஓடினால் வேலை நகராது என்று கொதிகலன் அதைக் கழற்றித் தன் அறையில் துண்டு காயப்போட வைத்துக்கொண்டார்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி, "கம்பியெல்லாம் சரியா வேலை செய்யுதா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்டதல்ல. அடுத்த அறைப்பக்கம் ஒரு காலை வைத்தும் விட்டார்.

"கம்பியே இல்லையே சார்" என்றான் பட்டதாரி.

இதில் வீரம் ஒன்றும் இல்லை. கேட்டார், சொன்னான். மனைவி இறந்த பிறகு, பொய் சொல்வதற்கு வேண்டிய சுறுசுறுப்பு அவனிடம் இல்லாமல் போயிருந்தது.

அதிகாரி போனதும் கொதிகலன் வந்து அவன் தோளில் கை போட்டார்.

"கம்பி வேணுமாடா உனக்கு?"

"கேட்டாரு சார். சொன்னேன்."

"நல்லது. ஒரு நாள் உன் கையை நானே உள்ள விட்டுக் காட்டறேன். கம்பி எதுக்குன்னு எல்லாருக்கும் அப்பப் புரியும்."

சத்தம் போடவில்லை. கொதிகலன் கத்தினால் பயப்பட வேண்டியதில்லை என்பது கூடத்துக்கே தெரியும். மெதுவாகப் பேசினால்தான் வம்பு. பக்கத்தில் கிழிந்த விரிப்புகளைத் தைத்துக்கொண்டிருந்த தையல் அக்கா தையல் இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை பட்டதாரி மகளுக்குத் தலை பின்னினான். அந்த வேலையை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மனைவி போன புதிதில் கயிற்றில் மூன்று பிரி கட்டி ராவும் பகலும் பழகினான். இப்போது இரட்டைப் பின்னல் கண்ணை மூடிக்கொண்டே வரும். அன்று வரவில்லை.

"அப்பா, கோணலா போகுது."

"ஆட்டாதே தலையை."

"நான் ஆட்டல. உங்க கைதான் ஆடுது."

மாமனார் பார்வை மங்கியவர். காது மட்டும் கூர்மை. கட்டிலிலிருந்து கேட்டார். "என்ன மாப்பிள்ளை, வேலையில ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல மாமா."

"விட்டுட்டு வேற பாக்கலாமே."

"பாக்கலாம்."

இருவருக்கும் தெரியும், பார்க்க ஒன்றும் இல்லை.

அன்றைக்கே மேலாளரிடம் போனான். மேலாளர் நல்ல மனிதர். வந்தவர்களை உட்காரச் சொல்வார். உட்கார்ந்தவர்கள் எதையும் பெற்றுக்கொண்டு எழுந்ததாகக் கேள்வியில்லை.

"என்னை மடிக்கிற மேஜைக்கு மாத்திடுங்க சார். இல்லன்னா கம்பியையாவது மாட்டச் சொல்லுங்க."

"கையை உள்ள விட்டுட்டாரா?"

"இல்ல சார். விடுவேன்னு சொன்னாரு."

"அப்ப ஒண்ணும் நடக்கல."

"நடக்கக் கூடாதுன்னுதான் சார் வந்தேன்."

மேலாளரின் முகம் மலர்ந்தது. "தம்பி, நடந்த பிறகு வந்திருந்தா விசாரணைப் பிரிவு. நடக்கறதுக்கு முன்னாடி வந்ததால தடுப்புப் பிரிவு. எல்லாரும் லேட்டாத்தான் வருவாங்க. நீங்க கரெக்டான நேரத்துல வந்திருக்கீங்க."

தடுப்புப் பிரிவு என்பது தலைமை அலுவலகத்தில் ஓர் அறை. அந்த அறையிடம் ஒரே ஒரு மருந்து உண்டு. தலைவலி என்று போனாலும் கால்முறிவு என்று போனாலும் அதைத்தான் தரும். அதன் பெயர் பயிற்சி.

பயிற்றுநர் வந்தார். உணவுக் கூடத்து மேஜைகளை ஓரங்கட்டி நாற்காலி போட்டார்கள். கடைசி நாற்காலிக்கும் பயிற்றுநருக்கும் இடையே ஒரு விரிப்பின் நீளம்கூட இருக்காது. ஆனாலும் அவர் கன்னத்தில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டார்.

"நண்பர்களே! வேலையிடத்துல வன்முறை ஏன் நடக்குது? கோபக்காரங்க இருக்கறதாலயா? இல்லவே இல்ல. அடி வாங்கறவங்களுக்குப் போதிய பயிற்சி இல்லாததுதான் காரணம்! நான் எத்தனையோ தொழிற்கூடத்துல இந்தப் பயிற்சியைக் குடுத்திருக்கேன். அதுக்கப்புறம் ஒரு இடத்துல கூட வன்முறை நடந்ததா என் காதுக்கு வந்ததில்ல. ஏன்னா, பயிற்சி முடிஞ்சதும் நான் கிளம்பிடுவேன்."

மேலாளர் இதைக் குறித்துக்கொண்டார்.

ஐந்து அமைதிப் படிகள் என்று திரையில் விழுந்தது. ஒருவர் நம்மை நோக்கிக் கையை ஓங்கினால் முதலில் நிற்க வேண்டும். பிறகு ஆழமாக மூச்சு விட வேண்டும். அடுத்து முறுவலிக்க வேண்டும். பல் தெரியலாம், ஆனால் அதிகம் தெரிந்தால் சீண்டல் ஆகிவிடும். நான்காவதாக, எதிராளியின் உணர்வுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஐந்தாவது, இரண்டடி பின்வாங்க வேண்டும்.

உலர்த்தும் பிரிவில் வேலை செய்யும் பெரியவர் கை தூக்கினார். அவருக்கு டிரம் என்று பெயர். உலர்த்தும் டிரம்மோடு கிடந்து கிடந்து காது கொஞ்சம் மந்தம். அதனால் உரக்கப் பேசுவார். "சார், அஞ்சாவதை முதல்ல செஞ்சா என்ன? பின்னாடி போயிட்டா அடியே விழாதே?"

"அது ஓட்டம் ஐயா. பயிற்சி இல்ல" என்றார் பயிற்றுநர்.

செய்து காட்ட ஓர் எதிராளி தேவைப்பட்டார். யாரும் எழவில்லை. கடைசியில் எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் போனது. கொதிகலன் வெட்கப்பட்டார்.

"எனக்கு இந்த நடிப்பெல்லாம் வராது சார்."

"சும்மா முயற்சி பண்ணுங்க. யார் மேலயாவது உங்களுக்குக் கோபம் இருக்கறதா கற்பனை பண்ணிக்கோங்க."

கொதிகலன் எழுந்தார். நேராகப் பட்டதாரியிடம் வந்து சட்டையைப் பிடித்துத் தூக்கிச் சுவரோடு வைத்தார். பட்டதாரிக்கு நிற்பது சிரமமாக இருந்தது, கால் தரையில் இல்லை. மூச்சு விடுவதும் முடியவில்லை.

"அபாரம்!" என்று பயிற்றுநர் துள்ளினார். "இவ்வளவு இயல்பா நான் பார்த்ததே இல்ல! தம்பி, நன்றி சொல்லுங்க, நன்றி!"

"ந…" என்றான் பட்டதாரி.

அப்போதுதான் ஒரு குறை தெரியவந்தது. பயிற்சி எங்கே முடிகிறது என்று எதிராளிக்குத் தெரியவில்லை. பயிற்றுநர் அங்கேயே ஒரு விதி செய்தார். சுற்றி இருப்பவர்கள் கைதட்ட வேண்டும். தட்டினால் பயிற்சி முடிந்தது, எதிராளி விட்டுவிட வேண்டும். தட்டாதவரை விடக் கூடாது. அரைகுறைப் பயிற்சி ஆபத்து. எல்லோரும் தட்டினார்கள். கொதிகலன் கையை எடுத்தார். பட்டதாரி நாற்காலி மேல் விழுந்தான். கைதட்டலைக் கேட்டுக் கொதிகலனின் கண் கொஞ்சம் கலங்கியது. வாழ்க்கையில் முதன்முதலாக அவருக்குக் கிடைத்த கைதட்டல் அது.

போகும்போது பயிற்றுநர் அவருக்குப் பதவி ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். அங்கீகரிக்கப்பட்ட எதிராளி. அடையாளமாகக் கையில் கட்ட மஞ்சள் பட்டை. பட்டை கையில் இருக்கும்போது அவர் செய்வது வன்முறை அல்ல, பயிற்சி. பயிற்சி எப்போது வரும் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டு வருவதற்கு அது என்ன விருந்தா?

அன்றிலிருந்து கொதிகலன் பட்டையைக் கழற்றவில்லை.

முதல் பயிற்சி டிரம்முக்கு. குனிந்து உலர்த்தும் இயந்திரத்துக்குள் கைவிட்டுத் துணி எடுத்துக்கொண்டிருந்தவரின் பிடரியில் ஈர விரிப்பை முறுக்கி ஓர் அடி. பெரியவர் திரும்பி, தாயிலிருந்து தொடங்கி ஒரு வாக்கியம் சொன்னார். முறுவல் இல்லை, நன்றி இல்லை. பயிற்சியில் தேறவில்லை என்று மேலாளர் அவரைக் கூப்பிட்டு வருத்தப்பட்டார்.

"உங்க வயசுக்கு இவ்வளவு கோபம் ஆகாது ஐயா."

"எனக்குக் கோபமே இல்ல சார். வலிதான்."

"வலியை வேற விதமா வெளிப்படுத்தலாமே?"

அடுத்து தள்ளுவண்டி, துணி அள்ளும் பெண்ணின் காலில் ஏறியது. அவள் அழுதுகொண்டே முறுவலித்து, "உங்க உணர்வுக்கு நன்றி சார்" என்றாள். அவள் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். படத்தில் பார்த்தால் அவள் அழுவது முத்துப் பல்லால் மறைந்திருந்தது.

கூடம் சீக்கிரமே புத்திசாலியாகிவிட்டது. கொதிகலன் அறைக்கதவு திறந்ததுமே தட்டத் தொடங்கினார்கள். அவர் இந்த வரிசையில் நடந்தால் இந்த வரிசை தட்டும். அந்த வரிசைக்குப் போனால் அந்த வரிசை தட்டும். கழிப்பறைக்குப் போகும்போதும் தட்டினார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் ஒருநாள் வந்தபோது கூடம் முழுக்கக் கைதட்டல் அலையலையாகப் போய்க்கொண்டிருந்தது. நின்று கேட்டார்.

"இவ்வளவு சந்தோஷமான தொழிலாளர்களை நான் பார்த்ததே இல்ல. என்னைக் கண்டா என் வீட்டுல கூட இப்படி யாரும் தட்டறதில்ல."

கொதிகலன் மட்டும் சந்தோஷமாக இல்லை. கை ஓங்கும் முன்பே தட்டிவிடுகிறார்கள், இதில் எங்கே பயிற்சி என்று மேலாளரிடம் முறையிட்டார். நியாயம்தான். புது விதி வந்தது. ஐந்து படியும் முடிந்த பிறகே தட்ட வேண்டும். முன்கூட்டித் தட்டினால் செல்லாது. அது பயிற்சிக்கு இடையூறு.

பட்டதாரி ஒவ்வொரு நாளும் உருளையின் முன்னால் நின்றான். கொதிகலன் அவனிடம் மட்டும் வரவில்லை. எல்லோருக்கும் ஒருமுறையோ இருமுறையோ பயிற்சி ஆகிவிட்டது. அவனுக்கு ஆகவில்லை. போகும்போதும் வரும்போதும் கொதிகலன் உருளையைப் பார்ப்பார், அவன் கையைப் பார்ப்பார், பட்டையைச் சரிசெய்துகொண்டு போவார். காலையில் பின்னல் கோணிக்கொண்டேதான் போனது. மகள் சொல்வதை விட்டுவிட்டாள்.

"தம்பி, நீ கொஞ்ச நாள் லீவ் போடேன்" என்றாள் தையல் அக்கா.

"போட்டா திரும்பி வரணுமே அக்கா."

"அதுவும் சரிதான்."

"கம்பிய மாட்டச் சொல்லி இன்னொரு தடவை கேட்டேன். தடுப்புப் பிரிவுக்கு அனுப்பியிருக்காங்களாம்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"கம்பி பத்தி ஒரு பயிற்சி வைக்கலாமான்னு யோசிக்கறாங்களாம்."

அக்கா சிரித்தாள். அவனும் சிரித்தான். அது நடந்தது காலையில். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கொதிகலன் அறைக்கதவு திறந்தது.

பெரிய விரிப்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கொதிகலன் பட்டதாரியின் வலது மணிக்கட்டைப் பின்னாலிருந்து பிடித்தார். பிடித்த பிடியிலேயே தெரிந்துவிட்டது.

"சார், வேணாம்."

"முதல் படி என்னடா?"

அவன் நின்றான். மூச்சு விட்டான். முறுவலித்தான், பல் அளவாகத்தான் தெரிந்தது. "உங்க உணர்வுக்கு நன்றி சார்" என்றான். எல்லாம் செய்தான். இரண்டடி பின்வாங்க வேண்டும். பின்னால் கொதிகலன் நின்றார். போக இடமில்லை. ஐந்தாவது படி முடியவில்லை.

தையல் அக்கா தட்டினாள். துணி அள்ளும் பெண் தட்டினாள். கூடமே தட்டியது. கை சிவக்கத் தட்டினார்கள், அழுதுகொண்டு தட்டினார்கள், சிலர் மேஜைமேல் ஏறி நின்று தட்டினார்கள். அவரை நிறுத்த அவர்களுக்குச் சொல்லித் தந்திருந்தது அது ஒன்றுதான். கொதிகலன் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு பெரிய கைதட்டல் அவருக்கு இதுவரை கிடைத்ததில்லை. லேசாகத் தலைவணங்கினார். பிறகு பட்டதாரியின் கையை உள்ளே விட்டார்.

விசையை நிறுத்தியது டிரம். காது மந்தமானதால் கைதட்டல் அவருக்கு அவ்வளவாகக் கேட்கவில்லை. அலறல் கேட்டது. ஓடிப்போய் நிறுத்தினார். பயிற்சியின் நடுவே இயந்திரத்தில் கைவைத்ததற்காக அவரைப் பிறகு வேலையை விட்டு அனுப்பினார்கள்.

வெள்ளை விரிப்பு பாதிவரை பலகைபோல வந்திருந்தது. மீதி, வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி ஆகியிருந்தது. மறுபடி வெளுக்கப் போட்டார்கள்.

விரல்கள் போன பிறகு பட்டதாரி விசாரணைப் பிரிவுக்குத் தகுதி பெற்றான். கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். மேலாளர் தண்ணீர் கொடுத்தார். மூடியையும் அவரே திறந்து கொடுத்தார்.

"பட்டை அவர் கையில இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"அப்ப அது பயிற்சி. சாட்சிகளும் அதைத்தான் சொல்றாங்க. எல்லாரும் கைதட்டியிருக்காங்க."

"நிறுத்தச் சொல்லித்தான் சார் தட்டினாங்க."

"அஞ்சாவது படி முடியறதுக்கு முன்னாடி தட்டினா செல்லாது. விதி போட்டிருக்கே தம்பி." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "விரல் போனது விபத்து. விபத்துக்குக் காரணம் தடுப்புக் கம்பி இல்லாதது. அதை நாங்க மறைக்கல. ஆனா கம்பி இல்லன்னு இந்தக் கூடத்துல முதல்ல அதிகாரிகிட்ட சொன்னது யாரு?"

"நான்தான்."

"தெரிஞ்சேதான் கையை அங்க வெச்சிருக்கீங்க."

பட்டதாரி யோசித்துப் பார்த்தான். தண்ணீரைக் குடித்தான். பாட்டிலை இடது கையால் மூட முடியவில்லை. திறந்தபடியே வைத்துவிட்டு வந்தான்.

கம்பியை மாட்டினார்கள். துண்டு காயப்போடக் கொதிகலனுக்கு வேறு கம்பி வாங்கித் தந்தார்கள். அவரைத் தலைமை அலுவலகம் அழைத்துப் பயிற்றுநர்களுக்கான பயிற்சி கொடுத்து அனுப்பியது. கன்னத்தில் ஒலிவாங்கியோடு திரும்பி வந்தார். பேச்சு நயமாகியிருந்தது. இப்போதெல்லாம் யாரையும் "டா" போடுவதில்லை.

மகளின் முடியைக் குட்டையாக வெட்டிவிட்டார்கள். மாமனார்தான் கடைக்குக் கூட்டிப் போனார். வந்து அப்பாவின் முன்னால் நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினாள்.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"இனிமே கோணவே கோணாது" என்றாள். அவனைத் தேற்றுவதற்காகச் சொன்னாள் என்று புரிந்தது.

வேலைக்குத் திரும்பிய வாரம், கூடம் முழுமைக்கும் மறுபயிற்சி. வாசலில் வருகை பதியும் பொறி இருக்கும். வலது கை ஆள்காட்டி விரலை வைக்க வேண்டும். பட்டதாரி கட்டுப்போட்ட கையை வைத்தான். மீண்டும் முயலவும் என்றது. இடது கையை வைத்தான். இந்த ஆள் யாரென்று தெரியவில்லை என்றது. காவலாளி பார்த்துவிட்டு, "புது விரல் பதியணும்னா பழைய விரலை ஒரு தடவை வெச்சு உறுதி பண்ணணும்பா" என்றார். பிறகு அவரே வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பயிற்சி முழுவதும் பட்டதாரி முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தான். பொறியின் கணக்கில் அவன் வரவில்லை. வராதவர்களுக்குத் தனியாக ஒரு பயிற்சி உண்டு, தப்ப முடியாது. வராதவர் அவன் ஒருவன்தான்.

சொன்ன நாளில் உணவுக் கூடத்துக்குப் போனான். நாற்காலிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். ஒரு மேஜை, ஒரு தண்ணீர் பாட்டில். கதவை உள்பக்கம் சாத்தியவர் கொதிகலன். ஒலிவாங்கியை ஊதிச் சரிபார்த்தார். ஒரே ஒருவன் இருந்த அறையில் அவர் மூச்சு புயல்போலக் கேட்டது. பட்டையைக் கையில் மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"பயப்படாதீங்க தம்பி. முன்ன மாதிரி இல்ல. இப்ப எல்லாமே முறைப்படிதான். அஞ்சு படியும் பண்ணுங்க. பின்னாடி நிறைய இடம் விட்டிருக்கேன், பாருங்க. பண்ணி முடிச்சதும் கைதட்டுங்க. தட்டினா உடனே நிறுத்திடுவேன்."

பட்டதாரி சுற்றிலும் பார்த்தான். தட்டுவதற்கு வேறு யாரும் இல்லை. கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். இடது கையால் மேஜையை இரண்டு தட்டுத் தட்டினான்.

"இது போதுமா சார்?"

கொதிகலன் சற்று யோசித்தார். விதியை நினைவுபடுத்திக்கொண்டவர்போல முகத்தில் வருத்தம் வந்தது. தலைமை அலுவலகத்தில் அதையும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"மேஜையைத் தட்டறது கணக்குல வராது தம்பி" என்றார். "முதல் படி என்ன?"

பட்டதாரி நின்றான்.